ஹெலிகொப்டரை முழுக வார்த்த கிணறு

ஒரு மிடறு வாயில் எடுத்தார். விழுங்கவில்லை. குனிந்து மணலில் துப்பினார்.

"உப்பு" என்றார்.

"இல்லை சேர், இது நல்ல தண்ணீர்" என்றேன்.

பைலட் ரட்ணபால கையிலிருந்த தகரப் பேணியை என்னிடம் நீட்டினார். நானும் குடித்துப் பார்த்தேன். பிறந்த நாள் முதல் குடித்த தண்ணீர். எங்கள் குறிச்சிக் கிணற்றுத் தண்ணீர். என் நாக்குக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொரு மிடறு குடித்தேன். வேண்டுமென்றே சப்புக்கொட்டினேன்.

"நீங்கள் மலைநாட்டு ஆள், சேர். உங்களுக்கு எங்கள் ஊர்த் தண்ணீர் எல்லாம் உப்பாகத்தான் இருக்கும்."

"எனக்கு எப்படி இருந்தால் என்ன, கோப்ரல்? அதற்கு எப்படி இருக்கும்?" என்று கையை நீட்டிக் காட்டினார்.

நெடுந்தீவின் வெட்டவெளியில், கல் அடுக்கிய மதிலுக்கு அப்பால் எங்கள் ஹெலிகொப்டர் நின்றது. அதன் இடப்பக்கத்தை அந்தத் தண்ணீரால் நான் ஏற்கெனவே கழுவி முடித்திருந்தேன்.

சண்டைக்காரன் என்று எழுதிய வாசகருக்கு

படையில் சிங்களப் பரீட்சைக்குப் போய், வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு எழும்பி வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். 'உங்களுக்குச் சண்டை பிடிக்காமல் சோறு இறங்காதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இறங்கும், ஐயா. சண்டை பிடித்துவிட்டுச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இறங்கும்.

இந்த வாரக் கதையிலும் சண்டை உண்டு. ஆனால் அதை வென்றவன் நான் இல்லை.

அறுபதுகளின் கடைசிப் பகுதி. சோளகக் காற்று வீசுகிற காலம். சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அது கிளம்பிவிட்டால் குறிகட்டுவான் துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் கடல் கொந்தளிக்கும். அந்த முறை வள்ளங்கள் நாட்கணக்காக ஓடவில்லை. தீவில் வயிற்றோட்டம் பரவி, மருந்துக்கடைப் பக்கம் சனம் சுருண்டு கிடந்தது. மருந்துப் பெட்டிகளோடு விமானப்படை ஒரு சின்ன ஹெலிகொப்டரை அனுப்பியது. பைலட் ரட்ணபால. கூடப் போகிற மெக்கானிக் நான்.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்றால், நான் நெடுந்தீவான். ஊர் தெரியும், பாஷை தெரியும். வேறு என்னென்ன தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மருந்தை இறக்கினோம். திரும்பிப் போக என்ஜினை முடுக்கினால் அது இருமியது. மக்னீற்றோ என்று ஒரு பாகம் இருக்கிறது, என்ஜினுக்குத் தீப்பொறி கொடுப்பது. இரண்டு மக்னீற்றோவில் ஒன்று செத்துவிட்டது. மற்றதோடும் பறக்கலாம். ஆனால் அந்தக் கடலுக்கு மேலே ஒன்றை மட்டும் நம்பிப் பறக்க ரட்ணபால ஆயத்தமில்லை. அவர் சொன்னது சரிதான். தபாற்கந்தோரிலிருந்து பலாலி விமானத்தளத்துக்குச் செய்தி அனுப்பினோம். உதிரிப்பாகம் பஸ்ஸில் குறிகட்டுவானுக்கு வரும், கடல் விட்டால் வள்ளத்தில் இங்கே வரும் என்றார்கள். கடல் எப்போது விடும் என்று கடலைத்தான் கேட்க வேண்டும்.

அதுவரை எங்கள் ஹெலிகொப்டர் அந்த உப்புக் காற்றில் நிற்க வேண்டும்.

கறள் எப்படி வரும்

விமானப்படையில் என் வேலை விமானத்தின் உடம்பைப் பார்ப்பது. என்ஜின்காரர்கள் பெரிய ஆட்கள். ஆட்கள் அவர்களோடு நின்றுதான் படம் எடுப்பார்கள். உடம்புக்காரர்கள் நாங்கள் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே முதுகு வலிக்கக் கிடந்து, தகட்டுப் பொருத்துகளை டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். என்ன தேடுகிறோம்? கறள். கறளும், கறளின் தம்பிமாரும்.

இரும்புக்குச் சிவப்புக் கறள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அலுமினியத்துக்கும் வரும். அது வெள்ளையாக, மா தூவியதுபோல் பூக்கும். எங்கள் ஹெலிகொப்டரின் கியர்ப்பெட்டிக் கூடு மக்னீசியத்தில் வார்த்தது. பாரம் குறைய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். அந்த மக்னீசியத்துக்கு உப்பைக் கண்டாலே ஆகாது. ஒரு இரவில் கொப்புளம் போட்டுவிடும்.

எல்லாவற்றையும் விட மோசமானது இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொடுகிற இடம். அலுமினியத் தகட்டுக்குள் இரும்பு ஆணி. நடுவில் துளி உப்புத் தண்ணீர். டோர்ச் பற்றரிக்குள் நடக்கிறதுதான் அங்கேயும் நடக்கும். வெளிச்சம் வராது, தகடு மட்டும் தின்னப்பட்டுப் போகும். மேலே பூசிய நிறம் அப்படியே பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். நான் ஒரு தடவை அழுத்தியிருக்கிறேன். விரல் முதல் மூட்டு வரை உள்ளே போனது. அந்த விமானம் அதற்கு முதல் நாள்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை அந்த வாசகர் குறித்துக்கொள்ளட்டும்.

இதற்கு மருந்து பெரிய மருந்து இல்லை. கடலுக்கு மேலே பறந்து வந்தால் கழுவு. மேலிருந்து கீழாக, பொருத்துப் பொருத்தாக, நல்ல தண்ணீரால் கழுவு. துடை. காயவிடு. பிறகு கிறீஸ் பூசு. கழுவாமல் கிறீஸ் பூசினால், கள்ளனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய கதை. உப்புத் தண்ணீரால் கழுவினால் அதைவிட மோசம். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு பொருத்துக்குள்ளேயே குந்திவிடும்.

ஆகவேதான் "உப்பு" என்று அவர் துப்பியதும் எனக்குச் சூடு உச்சியில் ஏறியது.

வெள்ளை வட்டம்

அவரோடு வாதாடி வெல்ல வேண்டும் என்று ஒரு வேலை செய்தேன்.

எங்களிடம் பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் இருந்தது. பற்றரிப் பெட்டியின் மூடி கறுப்பு. வெயிலில் கை வைக்க முடியாத சூடு. அதன் மேல் வடித்த தண்ணீரில் ஒரு துளி விட்டேன். பக்கத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளி.

"இப்போது பாருங்கள்" என்றேன்.

பார்த்தோம். முதல் துளி காய்ந்து அடையாளமே இல்லாமல் போனது. எங்கள் கிணற்றுத் துளி காய்ந்த இடத்தில் தடித்த வெள்ளை வட்டம் ஒன்று இருந்தது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அப்போதுதான் எனக்கே கரித்தது.

ரட்ணபால சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்கள் குறிச்சியில் எல்லோரும் அதை 'நல்ல தண்ணி' என்றுதான் சொல்வோம். யாரையும் கேளாமல் குடிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான். கிடைத்ததை நல்லது என்று நாக்கைப் பழக்கியிருக்கிறார்கள். அந்த வட்டத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். தலைமுறை தலைமுறையாக எங்கள் சனம் இதையா குடித்திருக்கிறது?

கியர்ப்பெட்டிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். நான் கழுவிய இடப்பக்கத்தில், ஒரு ஆணித் தலையைச் சுற்றி வெள்ளை அரும்பத் தொடங்கியிருந்தது.

"வேறு கிணறு இல்லையா?" என்றார் ரட்ணபால.

இருந்தது. தீவின் நடுப்பக்கத்தில், எந்தச் சோளகத்திலும் உப்பேறாத கிணறு ஒன்று. அந்தத் தண்ணீரின் ருசி எனக்குத் தெரியும். அதை எப்படிக் குடித்தோம் என்பதும் தெரியும்.

மேலே நின்று ஊற்றுகிற தண்ணீர்

கிணறு அம்பலவாணருடையது. காணி, மாடு, பனந்தோப்பு எல்லாம் உள்ள குடும்பம். என் தகப்பன் சின்னவன் அவருடைய பனைகளில் ஏறிக் கள்ளுச் சீவியவர். தகப்பன் காலமான பிறகு அந்தப் பனைகளில் என் அத்தான் ஏறினார். அத்தான் என்றால் என் அக்கா செல்லியின் புருசன்.

எங்கள் சாதி ஆட்கள் அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. குடத்தை நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளிக் குந்தியிருக்க வேண்டும். அம்பலவாணர் வீட்டு ஆட்கள் வந்து, தங்களுடைய தேவை முடிந்து, மனமும் இருந்தால், பனையோலைப் பட்டையால் அள்ளி மேலே நின்று ஊற்றுவார்கள். குடத்துக்குள் பாதி, மண்ணுக்குள் பாதி. பட்டை குடத்தில் பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சின்ன வயதில் அம்மாவோடு போய், சிந்துகிற தண்ணீரைக் கையால் ஏந்திக் குடித்திருக்கிறேன்.

விமானப்படையில் இதை யாரும் கேட்கவில்லை. அங்கே நான் தமிழன், அவ்வளவுதான். அதற்கே போதிய அளவு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊரில் தமிழன் என்பது போதாது. என்ன தமிழன் என்று கேட்பார்கள். அந்த வருடங்களில் யாழ்ப்பாணம் முழுக்கத் தேநீர்க்கடை வாங்குப் பலகையிலும் கோவில் வாசலிலும் இதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. நெடுந்தீவுக்கு அது இன்னும் வள்ளம் ஏறவில்லை.

ரட்ணபாலவும் நானும் போனோம். நான் காக்கி உடுப்பில், தொப்பியோடு. கிணற்றடியில் குடத்தோடு குந்தியிருந்த நாலைந்து பெண்களில் அக்காவும் ஒருத்தி. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எழும்பி வரவில்லை. அந்த இடத்தில் எழும்பி வருகிற பழக்கம் இல்லை.

அம்பலவாணர் பைலட்டைக் கண்டு ஓடி வந்தார். உட்காரக் கதிரை எடுத்துவரச் சொன்னார். இளநீர் வெட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பியும் இருமன். நீர் எந்த ஊர்?"

"இஞ்சைதான்."

"இஞ்சையோ! ஆற்றை மகன்?"

"சீவல்தொழில் சின்னவன்ரை மகன்."

கதிரை கொண்டுவந்த பெடியன் இரண்டாவது கதிரையோடு பாதி வழியில் நின்றான். அம்பலவாணர் கண்ணைக் காட்ட, அப்படியே திரும்பிப் போனான்.

"அட, சின்னவன்ரை பெடியன் கிட்டினனோ நீ. நல்லா வந்திட்டாய்."

பள்ளிக்கூடத்திலும் படையிலும் என் பெயர் கிருஷ்ணன். அந்தக் கிணற்றடியில் ஒரு நொடியில் கிட்டினன் ஆனேன். 'நீர்' போய் 'நீ' வந்தது. ரட்ணபாலவுக்கு இதொன்றும் விளங்கவில்லை. இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அம்பலவாணர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

"மிசினுக்கு வேணுமெண்டா எவ்வளவும் எடுங்கோ. அரசாங்கத்தின்ரை சாமான், எங்களுக்கு மருந்து கொண்டுவந்தது. மாட்டுவண்டியும் பீப்பாவும் தாறன். என்ரை ஆக்கள் அள்ளி ஊத்துவினம். நீ மட்டும் கயிறிலை கை வைக்காதை, என்ன?"

"அப்ப மிசின் முழுகலாம். நான் அள்ள ஏலாது."

"வழமை அப்பிடி. நானே உண்டாக்கினது?"

"நானும் உண்டாக்கேல்லை. உங்கடை ஆக்கள் ஊத்துற தண்ணி எனக்கு வேண்டாம்" என்றேன்.

கட்டளை

ரட்ணபாலவுக்கு ஆத்திரம். என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து பேசுவார். நான் தமிழில் தருகிறேன்.

"அங்கே மிசின் அரித்துக்கொண்டு நிற்கிறது. இங்கே அந்த மனிதர் தண்ணீர் தருகிறேன் என்கிறார். நீ வேண்டாம் என்கிறாய். யார் அள்ளினால் என்ன? இது கட்டளை, கோப்ரல்."

"சேர், சிங்களம் பாஸ் பண்ணாதவன் இனி ஸ்பானரைத் தொடக்கூடாது, பாஸ் பண்ணினவன் எடுத்துத் தூரத்திலிருந்து எறிவான், பொறுக்கிக்கொண்டு வேலை செய் என்று நாளைக்குக் கட்டளை வந்தால் நான் செய்ய வேண்டுமா?"

அவர் கிணற்றடியைப் பார்த்தார். குந்தியிருந்த பெண்களை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அவர்களும் அப்படியா?"

"ஒருத்தி என் அக்கா."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "பின்னேரத்துக்குள் மிசின் கழுவப்பட்டிருக்க வேண்டும். யார் அள்ளுகிறார்கள் என்று நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹெலிகொப்டர் பக்கம் நடந்தார். அவரை நான் வீரனாக எழுதப் போவதில்லை. அவருக்கு மிசின் கழுவப்பட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நடை எனக்குப் போதுமாக இருந்தது.

நான் நேரே கிணற்றுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். பிடித்தவன் உடனே இழுக்கவில்லை. படையில் மேலதிகாரிமாரின் முகத்துக்கு நேரே பேசியவன். அந்தக் கயிற்றுக்குப் பயந்தேன்.

"கிட்டினா, கையை எடு!" என்று அம்பலவாணர் சத்தம் போட்டார்.

அதற்குள் இன்னொரு கை வந்து கயிற்றைப் பிடித்தது. அக்கா.

"விடு தம்பி."

"அக்கா, நான் அள்ளுறன். என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. உடுப்புப் போட்டிருக்கிறன்."

"அதுதான் சொல்லுறன். நீ அள்ளினா உடுப்பு அள்ளினதெண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவினம். நீ ஆகாயத்தாலை போயிடுவாய். நான் திரும்பக் குடத்தோடை வந்து உதிலை குந்தோணும். விடு, நான் அள்ளுறன்."

என் அக்கா அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கயிற்றை விட்டேன்.

இறைத்தால் என்ன ஊறும்

"செல்லி! நீ தொட்டா கிணறு முழுக்க இறைக்கோணும், தெரியுமோ?" அம்பலவாணருக்கு மூச்சு வாங்கியது. அப்படி ஒரு வழக்கம் இருந்தது. தொடக் கூடாதவர் தொட்டுவிட்டால் கிணற்றை அடிவரை இறைத்து வெறுமையாக்கி, புதிதாக ஊறுகிற தண்ணீரைத்தான் குடிப்பார்கள்.

அக்கா பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டே சொன்னார்.

"இறையுங்கோ ஐயா. இந்தச் சோளகத்திலை அடிமட்டும் இறைச்சுப் பாருங்கோ. என்ன ஊறுதெண்டு எல்லாருமாப் பாப்பம்."

அம்பலவாணர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

இது தீவில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் நிலத்துக்குக் கீழே கடல். அந்தக் கடல் தண்ணீருக்கு மேலே, மாரியில் இறங்கிய மழைத் தண்ணீர் மெல்லிய ஆடையாக மிதக்கிறது. மேலாக அள்ளினால் நல்ல தண்ணீர். வறண்ட காலத்தில் அடிவரை இறைத்தால் ஆடை கிழிந்து கீழிருந்து உப்புத் தண்ணீர் ஏறும். அடுத்த மாரி பெய்து முடியும்வரை அந்தக் கிணறு வாய்க்கு வைக்க உதவாது. அம்பலவாணருக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஆடி மாதத்தில் யாராவது அவருடைய கயிற்றைத் தொடுவார்கள் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை.

அவர் முன்னால் இரண்டே வழிகள்தான் இருந்தன. செல்லி தொட்ட தண்ணீரைக் குடிக்கலாம். அல்லது செல்லி வீட்டு உப்புத் தண்ணீரைக் குடிக்கலாம்.

"உன்ரை புருசன் இனி என்ரை பனையிலை ஏறத் தேவையில்லை!" என்றார்.

"அப்ப நீங்களே ஏறிச் சீவுங்கோ ஐயா."

குந்தியிருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் எழும்பி வந்து அக்காவோடு கயிற்றில் கை போட்டாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

முதல் பட்டைத் தண்ணீர் மேலே வந்தது. அக்கா அதை ஹெலிகொப்டருக்குத் தரவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். வயிறு முட்டக் குடித்தார். மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். காக்கி உடுப்போடு நின்று அழுதேன், யார் பார்த்தால் என்ன?

முழுக்கு

மாட்டுவண்டி கிடைக்கவில்லை. குடத்தில்தான் சுமந்தார்கள். எங்கள் குறிச்சி முழுக்க வந்துவிட்டது. "ஆறுதலா அள்ளுங்கோ, அடி கலங்கக் கூடாது" என்று அக்கா அதட்டிக்கொண்டேயிருந்தார். அந்தக் கிணற்றை இவ்வளவு பக்குவமாக அதன் சொந்தக்காரர்கூட அள்ளியிருக்க மாட்டார்.

கறுப்பு மூடியில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். காய்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால்தான் ஒரு நிழல் தெரிந்தது. ரட்ணபால ஒரு பேணி வாங்கிக் குடித்தார். துப்பவில்லை. இன்னொரு பேணி கேட்டார்.

மேலே சுழல்கிற தகடுகளிலிருந்து தொடங்கினேன். பிறகு கண்ணாடிக் குமிழ். பிறகு கியர்ப்பெட்டி, ஆணி ஆணியாக. பூத்திருந்த வெள்ளையைத் தேய்த்து எடுத்து, ஊற்றி, துடைத்து, மறுபடி ஊற்றினேன். வால்பக்கக் குழாய்ச் சட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் ஓடியது. பெண்கள் சேலைத் துண்டுகளால் துடைத்துக் காயவைத்தார்கள். பெரியபிள்ளையான பெண்ணை முழுக வார்க்கிறதுபோல ஒருத்தி ஊற்றிவிட்டுக் குலவையும் போட்டாள். ரட்ணபால திடுக்கிட்டுப் போனார். "இது எதற்கு?" என்று கேட்டார். "இதுவும் துப்புரவில் சேர்ந்ததுதான், சேர்" என்றேன்.

கிறீஸ் போதவில்லை. கியர்ப்பெட்டிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. நிலத்தில் ஊன்றுகிற இரும்புக் குழாய்களுக்கு என்ன செய்வது? மீனவர்கள் வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய் ஒரு பேணி கிடைத்தது. பூசினேன். உப்புக்கு அது நல்ல மறிப்பு. மணத்தைப் பற்றி நான் எதுவும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. பலாலியில் நாங்கள் இறங்கியபோது ஓடி வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனது தனிக் கதை. கழுவி எடு என்றார். சோளகம் முடியட்டும் சேர், பிறகு எடுக்கிறேன் என்றேன்.

அன்று நான் தேய்த்த கியர்ப்பெட்டிக் கூடு அடுத்த பெரிய பரிசோதனையில் பழுதில்லை என்று தேறியது. ரட்ணபால என்னைப் பற்றி மேலே எதுவும் சொல்லவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

கிணற்றடி

அத்தானுக்குப் பனை போய்விட்டது. அம்பலவாணர் சொன்னதைச் செய்தார். அத்தான் ஊர்காவற்றுறைப் பக்கம் கூலிக்குப் போக வேண்டி வந்தது. அந்தக் கஷ்டத்தை நான் மூடி மறைக்கவில்லை. மாதாமாதம் என் சம்பளத்தில் அக்கா வீட்டுக்கும் பங்கு போனது. "அள்ளினதுக்குக் கவலைப்படுறியோ அக்கா?" என்று பின்னொரு காலத்தில் கேட்டேன். "விசர்க் கதை கதையாதை" என்றார். அவ்வளவுதான் பதில்.

உதிரிப்பாகம் வருவதற்குள் சில நாட்கள் போயின. அம்பலவாணர் கிணற்றை இறைக்கவில்லை. அதேநேரம் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. வேலையாளை அனுப்பி வேறு கிணறுகளிலிருந்து எடுப்பித்தார். அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை முற்றத்தில் எறிந்தாராம். எங்கள் குறிச்சியில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டில் சோறு கரித்தது, குழம்பு கரித்தது. சமைக்கிறது அவர் இல்லை, அவருடைய மனைவி.

ஒரு காலை வள்ளம் வந்தது. என்ஜின்காரன் இல்லாவிட்டாலும் மக்னீற்றோவை நானே பூட்டினேன். என்ஜின் இருமாமல் பிடித்தது. புறப்படுமுன் அக்காவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று ஓடினேன். வீட்டில் இல்லை. கிணற்றடிக்குப் போனேன்.

அக்கா நின்றபடி அள்ளிக்கொண்டிருந்தார். கயிறு அவர் கையில். அவருக்குப் பின்னால், இடுப்பில் வெறுங்குடத்தோடு, அம்பலவாணரின் மனைவி நின்றார். நான் மதிலுக்கு இப்பால் நின்றுவிட்டேன்.

"கெதியா அள்ளிப்போட்டுக் கயிறைத் தா பிள்ளை. உலை வைக்கோணும்" என்றார் அந்த அம்மா.

"நில்லுங்கோ அக்கா, நிறையட்டும்" என்றார் என் அக்கா.

பட்டையைத் தன் குடத்தின் வாயோடு வாயாக வைத்து, ஒரு துளி மண்ணில் சிந்தாமல், ஆறுதலாக ஊற்றினார். குடம் நிறைந்தது. நிறைந்த பிறகும் இன்னொரு பட்டை அள்ளிக் கால் கழுவினார். அந்த அம்மா காத்து நின்றார்.